85 சென்டிமீட்டர்

"ஏனுங்க சார், மடிச்சு மேல தூக்கி விடறதுக்குப் பதிலா அந்த றெக்கையையே இன்னும் ரெண்டடி நீட்டி வச்சா ஆகாதுங்களா?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணா இதைக் கேட்டபோது என் வாயில் தட்டுவடை செட் இருந்தது. அதனால் உடனே பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி வரவில்லை. மென்று முடித்து, தண்ணீர் குடித்து, கையைத் துடைத்த பிறகும் பதில் வரவில்லை. அதுதான் பிரச்சினை.

நான் 22 வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன். டெக்னீஷியனாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, கையெழுத்துப் போட்டு விமானத்தை அனுப்பும் இடம்வரை வந்தவன். இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கிற அந்தத் துண்டை, விங்லெட்டை, எத்தனை இரவுகள் டார்ச் அடித்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எந்த விளிம்பில் முதலில் பெயின்ட் உரியும், எந்த இடுக்கில் மழைத்தண்ணீர் தங்கும், எந்த ஸ்க்ரூ முரண்டு பிடிக்கும் எல்லாம் தெரியும். அது எதற்கு இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்: காற்றின் இழுவை குறையும், எரிபொருள் மிச்சமாகும். பரீட்சையில் நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்யச் சொன்னால் அதைத்தான் டிக் செய்ய வேண்டும். ஆனால் ஏன் மேலே போகிறது, ஏன் பக்கவாட்டில் போகவில்லை? நானும் கேட்டுக்கொண்டதில்லை, என்னை யாரும் கேட்டதுமில்லை.

எங்கள் வேலை அப்படிப்பட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு விமானம் வந்து நிற்கும், காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். இடையில் இருக்கிற நேரத்தில் புத்தகம் சொன்னபடி செய்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வடிவமைத்தவன் ஏன் இப்படிச் செய்தான் என்று யோசிக்க உட்கார்ந்தால் விமானம் கிளம்பாது.

விங்லெட் பக்கம் அதிகம் போக வைத்தது மின்னல். விமானத்தை மின்னல் தாக்கினால் பெரும்பாலும் மூக்கு மாதிரி ஏதாவது ஒரு முனையில் ஏறி இன்னொரு முனை வழியாக இறங்கும். அந்த இன்னொரு முனை பல நேரம் இறக்கை நுனியாகவோ வாலாகவோ இருக்கும். விமானி புத்தகத்தில் 'மின்னல் பட்டது போலிருந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் ஏணி போட்டு ஏறி, மிளகு அளவு கருகல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இப்போதைய விங்லெட்கள் பெரும்பாலும் கார்பன் இழைப் பலகை. பெயின்டுக்கு அடியில் மின்சாரத்தைக் கடத்திவிட மெல்லிய உலோக வலை இருக்கும். வெளியே கடுகளவு புள்ளி தெரியும், உள்ளே பலகையின் அடுக்குகள் உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தட்டித்தான் பார்க்க வேண்டும்.

மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதே வித்தைதான். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த சீனியர் ஒரு ரூபாய் நாணயத்தைப் பயன்படுத்துவார். பிறகு அதற்கென்றே சின்ன சுத்தியல் வந்தது. நல்ல இடத்தில் 'டக் டக்' என்று சுத்தமாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் 'தொப்' என்று அமுங்கும். முதல் ஆறு மாதம் எனக்கு எல்லாமே ஒரே சத்தமாகத்தான் கேட்டது. விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரனில் ஓடும் டிராக்டர், பக்கத்து விமானத்தின் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே காதை விங்லெட்டில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் திடீரென்று வித்தியாசம் கேட்டது. சைக்கிள் ஓட்ட வந்துவிடுகிற மாதிரி. அதற்கப்புறம் ஏற்காட்டுக்குப் போய்ப் பலாப்பழம் வாங்கினாலும் தட்டாமல் வாங்குவதில்லை.

சரி, 85 சென்டிமீட்டருக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் பழைய ஏர்பஸ் ஏ320 விமானங்கள் இருந்தன. அவற்றின் நுனியில் இருந்தது விங்டிப் ஃபென்ஸ். அம்பு முனை மாதிரி மேலும் கீழும் நீட்டிய சின்னத் தகடு, நாங்கள் 'ஃபென்ஸ்' என்றே சொல்வோம். 2012 கடைசியில் ஏர்பஸ் ஷார்க்லெட் வைத்த ஏ320-ஐக் கொடுக்கத் தொடங்கியது. சுறாமீன் துடுப்பு மாதிரி 2.4 மீட்டர் உயரத்துக்கு வளைந்து எழும்பும். தூரப் பயணத்தில் 4 சதவீதம் வரை எரிபொருள் மிச்சம் என்றார்கள். கொஞ்ச நாளில் எங்கள் இடத்துக்கும் வந்தது. எல்லோரும் உயரத்தைத்தான் பார்த்தோம். ஃபென்ஸ் வைத்த விமானத்தின் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு 34.1 மீட்டர், ஷார்க்லெட் வைத்தது 35.8 மீட்டர். பக்கத்துக்கு 85 சென்டிமீட்டர் கூடுதல். வகுப்பில் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன்.

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு ஒரு விமானத்தை இழுத்துப்போய் ஹேங்கர் பக்கம் நிறுத்த வேண்டியிருந்தது. இழுக்கும்போது இரண்டு இறக்கை நுனிகளிலும் ஆள் நடந்து வர வேண்டும், இடிக்காமல் பார்த்துக்கொள்ள. அன்றைக்கு ஆள் குறைவு. லைசென்ஸ் வாங்கியவன்தான், இருந்தாலும் இடது நுனிக்கு நானே நின்றேன். வலது பக்கம் திரும்பும் இடத்தில் ஓரமாக ஒரு வேலை ஸ்டாண்டை யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பார்த்தேன். போய்விடும் என்று கையைக் காட்டினேன். பதினைந்து வருடமாக ஃபென்ஸ் விமானத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. 34.1 மீட்டருக்குப் போயிருக்கும். இது 35.8.

அதுவும் இறக்கை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் திரும்பும்போது நுனி நாம் நினைக்கிற கோட்டைவிட வெளியே வீசும். ஏற்காடு பஸ்ஸுக்குப் பின்னால் இருசக்கர வண்டியில் போனவர்களுக்குச் சட்டென்று புரியும். கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் உள்ளே திரும்பும்போது பின்பக்கம் நம்மை நோக்கி வரும். காரணம் அதேதான் என்று சொல்லமாட்டேன், ஏமாறுவது அதே மாதிரிதான். அந்த 20 வளைவுகளையும் சின்ன வயதிலிருந்தே ஏறி இறங்கியவன் நான். விசிலை வாயில் வைப்பதற்குள் 'சர்ர்' என்று சத்தம் கேட்டுவிட்டது.

ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போயிருந்தது. என் கையாலேயே தட்டிப் பார்த்தேன். சத்தம் எல்லா இடத்திலும் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் என் காதை நானே நம்பவில்லை, வேறொருவரைக் கூப்பிட்டேன். காலை விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். விசாரணை, விளக்கக் கடிதம், இரண்டு வாரம் ஏப்ரன் பக்கம் வர வேண்டாம் என்று உத்தரவு. 'தூரத்தைத் தவறாகக் கணித்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். கடிதத்தில் 85 சென்டிமீட்டர் என்ற எண் இரண்டு இடத்தில் வந்தது. அன்றிலிருந்து அந்த எண் எனக்குப் பள்ளிக்கூட ரோல் நம்பர் மாதிரி ஆகிவிட்டது.

2020-இல் விமானங்கள் நின்றன, எங்களில் பலரும் நின்றோம். அம்மாபேட்டையில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். தறிச் சத்தம் குறைந்துபோன தெரு. இரண்டு வருடம் கழித்து ஒரு பாலிடெக்னிக்கில் கௌரவ விரிவுரையாளராகக் கூப்பிட்டார்கள். கௌரவம் அதிகம், சம்பளம் அந்த அளவுக்கு இல்லை. கடைசி வருட மெக்கானிக்கல் பையன்கள் நான்கு பேர் "சார், ஏரோப்ளேன் சம்பந்தமா ஏதாவது புராஜெக்ட் குடுங்க" என்று வந்தார்கள். காற்றுச் சுரங்கம் ஒன்று செய்யலாம் என்றேன். விண்ட் டனல். பெரிய பேச்சு மாதிரி இருக்கிறது, செய்தது ஒரு பெட்டிதான்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஐந்தடி நீளம், ப்ளைவுட். ஒரு பக்கம் கண்ணாடி. மூடிப்போன ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்த எக்ஸாஸ்ட் ஃபேன் பின்பக்கம் காற்றை உறிஞ்சும். முன்பக்கம் காற்று சுழலாமல் நேராக வருவதற்கு ஜூஸ் கடை ஸ்ட்ராக்களை அடுக்கித் தேன்கூடு மாதிரி ஒட்டினோம். பையன்கள் அதற்கே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். இறக்கை ஓரடி நீளம், பேக்கிங் பெட்டி மரத்தில் இழைத்தது. அது உராய்வில்லாமல் முன்னும் பின்னும் அசையத் தேவையான தண்டு, பேரிங், பிடி எல்லாம் செவ்வாய்ப்பேட்டை அண்ணா கடைந்து கொடுத்தது. இழுவையை அளக்கத் தராசு வேண்டுமே, அதையும் அவர்தான் வாங்கி வந்தார், பக்கத்துக் கொலுசுப் பட்டறையிலிருந்து இரவல். வெள்ளி நிறுக்கிற தராசு. "ராத்திரிக்குள்ள திருப்பிக் குடுத்தாகணுமுங்க" என்பார் ஒவ்வொரு தடவையும். பகலில் கொலுசுக்கும் மாலையில் இறக்கைக்குமாக அந்தத் தராசு ஒரு மாதம் ஷிஃப்ட் பார்த்தது.

புகை விட்டுக் காட்டலாம் என்று ஊதுபத்தி வைத்துப் பார்த்தோம். காற்றின் வேகத்தில் புகை கலைந்துவிட்டது. அப்பாவிடம் மீதமிருந்த பட்டு நூலை அரையடித் துண்டுகளாக வெட்டி, இறக்கையின் நடுவிலும் இரண்டு நுனிகளிலும் ஒட்டினேன். ஃபேனைப் போட்டதும் இறக்கை நடுவில் ஒட்டிய நூல்கள் எல்லாம் நேராகப் பின்னால் நீண்டன. நுனியில் ஒட்டிய இரண்டும் மட்டும் சுழன்றன. பின்னாலிருந்து பார்த்தால் இடது நுனி நூல் கடிகாரம் சுற்றுகிற பக்கம், வலது நுனி நூல் அதற்கு எதிர்ப்பக்கம். அத்தனை வேகம், நூல் மறைந்து ஒரு கூம்பு மட்டும்தான் தெரிந்தது. அப்பா ஒருநாள் பார்க்க வந்தவர், குனிந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "முறுக்கு ஏறுதுடா" என்றார். நெசவுக்காரர் கண்.

முறுக்குத்தான் அது. இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்குகிறது. ஆனால் நுனியில் தடுக்க ஒன்றும் இல்லாததால் அடிக்காற்று வெளிப்பக்கமாக நழுவி மேலே ஏறி உள்ளே மடங்கும். விமானம் முன்னே ஓடிக்கொண்டே இருக்க, பின்னால் அது நீளமான சுழலாக முறுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுழலைச் சுற்றவைக்கிற சக்தியை யார் கொடுப்பது? எஞ்சின்தான். பாடப்புத்தகத்தில் இதற்குத் தூண்டப்பட்ட இழுவை என்று பெயர் போட்டிருக்கிறது. படித்தால் யாரோ தூண்டிவிட்ட மாதிரி இருக்கும். தூக்கப்பட்டதற்கு விமானம் கட்டுகிற வரி என்று நான் வகுப்பில் சொல்வேன். ஜெட் விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மொத்த இழுவையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இந்த வரிதான். ஏறும்போது, அதாவது வேகம் குறைவாகவும் எடை அதிகமாகவும் இருக்கும்போது, பெரும்பகுதியே இதுதான்.

இதையெல்லாம் நூலைக் காட்டிச் சொல்லிவிட்டு, "இப்போ விங்லெட் வைக்கலாம், தராசு குறையும் பாருங்க" என்று பந்தாவாகச் சொன்னேன். பையன்கள் அலுமினியத் தகட்டை வெட்டி இரண்டு நுனிகளிலும் செங்குத்தாக ஒட்டினார்கள். ஃபேன் ஓடியது. தராசு கூடியது.

மறுபடி ஒட்டிப் பார்த்தோம். பிசின் வழிந்ததைச் சுரண்டிப் பார்த்தோம். தராசை மாற்ற வழியில்லை, அது வெள்ளிக்கடைத் தராசு, பொய் சொல்லாது. கூடித்தான் காட்டியது. ஒரு பையன் ரொம்ப மரியாதையாக, "சார், நெஜ ஏரோப்ளேன்லயும் இப்படித்தானா?" என்றான். அன்று மாலை வீட்டுக்கு வந்து, லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த பிறகு திறக்காத புத்தகங்களைத் திறந்தேன்.

இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்பவர் 1897-லேயே இறக்கை நுனியில் செங்குத்துப் பலகை வைக்கலாம் என்று காப்புரிமை எடுத்திருக்கிறார். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903. அதாவது விமானம் வருவதற்கு முன்பே விங்லெட்டின் தாத்தா பிறந்துவிட்டார். ஆனால் வெறும் பலகை வைத்தால் நுனிச் சுழல் குறைந்து கிடைக்கிற லாபத்தைப் பலகையின் மேல் உரசுகிற காற்றே சாப்பிட்டுவிடும். நாங்கள் செய்ததும் வெறும் பலகைதான். போதாக்குறைக்கு இறக்கையைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்திருந்தோம், தூக்குவதே குறைவு. வரியே இல்லாத இடத்தில் வரிவிலக்கு கேட்ட மாதிரி.

பலகையை இறக்கையாக மாற்றியவர் அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்த ரிச்சர்ட் விட்கோம். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது எல்லோரும் எரிபொருளை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடினார்கள். அவர் செய்த வேலை 1976-இல் அறிக்கையாக வந்தது. விஷயம் இதுதான்: நுனியில் காற்று நேராக வருவதில்லை, உள்பக்கமாகச் சாய்ந்து வருகிறது. அங்கே நிற்கும் துண்டைச் சரியான வளைவோடு, சரியான கோணத்தில் திருப்பி வைத்தால், அதுவும் ஒரு சின்ன இறக்கையாக வேலை செய்து ஒரு விசையைக் கொடுக்கும். அந்த விசையில் ஒரு பங்கு முன்பக்கம் பார்க்கும். பாய்மரக்காரன் பக்கக் காற்றை வாங்கிக்கொண்டு படகை முன்னே ஓட்டுகிற கதை. 1979-80-இல் கேசி-135 என்ற ராணுவ டாங்கர் விமானத்தில் வைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். எரிபொருள் சிக்கனம் ஆறரை, ஏழு சதவீதம் வரை போனது. பழைய காலத்து இறக்கை என்பதால் லாபம் அதிகம். பயணிகள் விமானங்களில் போயிங் 747-400 அதை வைத்துக்கொண்டு 1989-இல் சேவைக்கு வந்தது. பிறகு 2001 வாக்கில் போயிங் 737-இல், மூலையில்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே வளைகிற மாதிரி வந்தது. இன்று நாம் பார்க்கிற முகம் அது.

விட்கோமைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று. காற்றுச் சுரங்கத்தில் நிற்கும் மாதிரியைத் தானே அரம் போட்டு ராவி, தேவையான இடத்தில் புட்டி வைத்துப் பூசி, மறுபடி ஓட்டிப் பார்ப்பாராம். இதை லேத் அண்ணாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த திருப்தி இருக்கிறதே! "அப்ப அவரும் பட்டறைக்காரர்தானுங்க" என்றார். அதோடு விட்கோம் அவருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அண்ணாவே புதுத் துண்டுகளை ராவிக் கொடுத்தார். உள்பக்கம் லேசான புடைப்பு, முன்விளிம்பு கொஞ்சம் வெளியே பார்த்த மாதிரி திருப்பம். இறக்கையையும் எட்டு டிகிரி நிமிர்த்தி வைத்தோம். இப்போது அதே தூக்கு விசைக்குத் தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டியது. கொஞ்சம்தான். முள் நடுக்கத்துக்குள் அடங்கிவிடுகிற அளவு என்று ஒரு சந்தேகக்காரர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் நூலின் கூம்பு பாதியாகச் சுருங்கியது. அதை யாரும் மறுக்க முடியாது.

அந்தச் சந்தோஷத்தில்தான் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அங்கேதான் அந்தக் கேள்வி.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நியாயமான கேள்வி! சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் அண்ணா பக்கம்தான் இருக்கிறது. அந்த வரி இறக்கை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். மற்றது எல்லாம் அப்படியே இருக்க, நீளத்தை 10 சதவீதம் கூட்டினால் வரி சுமார் 17 சதவீதம் விழும். மேலே மடிப்பதற்குப் போடுகிற அதே பொருளைப் பக்கவாட்டில் நீட்டினால் லாபம் அதிகம். கிளைடர்களுக்கு ஒல்லியாக நீளமாக இறக்கை இருப்பது இதனால்தான். அப்படியென்றால் ஏர்பஸ்காரனும் போயிங்காரனும் ஏன் மடிக்கிறான்?

"கனம் கூடிரும்ணா" என்றேன், சமாளிப்பாக.

"அது செரிங்க." அவர் லேத்தைக் காட்டினார். அதன் பிடியில், சக்கில், ஒரு கம்பி மாட்டியிருந்தது. "வெளிய எவ்வளவுக்கு நீட்டறமோ அவ்வளவுக்கு ஒதறும். அந்தக் கடைசியத் தாங்கறதுக்கு ஒரு சென்டர் குடுக்கோணும். றெக்கைக்கு அங்க யாரு சென்டர் குடுக்கறது? வேர்லயே தடியாக்கோணும். ஆனா மடிச்சு வச்சாலும் கனந்தானுங்களே?"

அதுவும் உண்மை. 737-க்கு விங்லெட் பொருத்தினால், இறக்கையை உள்ளே பலப்படுத்துவதையும் சேர்த்து, இருநூறு கிலோ போலக் கூடும். நீட்டினால் அடிவேரில் வளைக்கிற விசை இன்னும் அதிகம், அந்தமட்டில் மடிப்பது மேல். ஆனால் அது முழு விடை இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து அவரே ஒரு புது இறக்கையோடு பாலிடெக்னிக்குக்கு வந்தார், வண்டியின் முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டு. ஓரடிக்குப் பதில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே. விங்லெட் கிடையாது. "இதப் போட்டுப் பாருங்க" என்றார். போட முடியவில்லை. பெட்டியின் உள்அகலம் ஒன்றரை அடி. சாய்த்து நுழைத்துப் பார்த்தார்கள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள். அண்ணா பையிலிருந்து அரத்தை எடுத்து இரண்டு பக்கமும் ராவ ஆரம்பித்தார். ராவி ராவி, இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் உரசுகிற மாதிரி இறுக்கமாக உட்கார்ந்தது. தண்டு அசையாது, இழுவையை அளக்க முடியாது. "சும்மா நூல மட்டும் பாப்பமுங்க."

ஃபேன் ஓடியது. நுனியில் ஒட்டிய நூல் நேராக நின்றது. சுழலவே இல்லை.

பையன்கள் ஒட்டியது சரியில்லை என்று நினைத்தார்கள். எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. நுனி என்று ஒன்று இருந்தால்தானே அடிக்காற்று சுற்றிக்கொண்டு மேலே வரும்? இரண்டு பக்கமும் சுவர். அந்த இறக்கைக்கு நுனியே இல்லை. புத்தகத்தில் 'முடிவில்லா நீள இறக்கை' என்று படித்து, இப்படி ஒன்று உலகத்தில் இருக்கப்போவதில்லை என்று கடந்துபோன பக்கம், பேக்கிங் மரத்தில் எதிரே நின்றது.

அண்ணா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "செவுரு தடுக்குதுங்க" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப உங்க சமாச்சாரம், செவுத்தைக் கையோட எடுத்துட்டுப் போற மாதிரிங்க" என்றார். லான்செஸ்டரின் காப்புரிமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு வேறொன்று உறைத்தது, அவர் சொன்னதில் அல்ல, அதற்கு முன்னால் அவர் ராவிக்கொண்டிருந்தபோது. நீளமான இறக்கைதான் நல்லது, ஆனால் பெட்டிக்குள் போகவில்லை.

விமான நிலையங்களை சர்வதேச விதிப்படி எழுத்துப் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இறக்கை 24 மீட்டரிலிருந்து 36 மீட்டருக்குள் இருந்தால் சி வகை. நிற்கிற இடம், ஓடுபாதைக்குப் போய்வரும் வழியான டாக்ஸிவே ஓரம் விட வேண்டிய இடைவெளி, இரண்டு விமானங்களுக்கு நடுவே இருக்கும் தூரம் எல்லாம் அந்த எழுத்தை வைத்துத்தான். 36-ஐத் தொட்டால் அடுத்த வகை. தொட்டால் அந்த விமானம் பழைய கேட்டில் நிற்க முடியாது, பெரிய இடத்துக்குப் பெரிய வாடகை. ஏ320-இன் ஷார்க்லெட் 35.8-இல் முடிகிறது. விங்லெட் வைத்த 737-உம் 35.8-இல்தான் முடிகிறது. இரண்டு எதிரிக் கம்பெனிகள், ஒரே எண். கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை மேலே மடித்திருக்கிறார்கள்.

என் 85 சென்டிமீட்டர் அதுதான். முதலில் அனுமதிக்கிற எல்லைவரை பக்கவாட்டில் நீட்டியிருக்கிறார்கள், அதற்குமேல் வழியில்லாத இடத்தில் நிமிர்த்தியிருக்கிறார்கள். அண்ணா கேட்ட 'ரெண்டடி'யைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நீட்டியாகிவிட்டது, என் விளக்கக் கடிதம் அதற்குச் சாட்சி. நான் அந்த எண்ணை ஒன்பது வருடமாக அவமானமாகச் சுமந்துகொண்டிருந்தேனே தவிர, ஒரு தடவையும் 35.8-ஐயும் 36-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டும் என் நோட்டில் இருந்தன, வேறு வேறு பக்கங்களில்.

பெரிய விமானங்களிலும் இதே கதை. அவற்றுக்கு 65 மீட்டரில் ஒரு கோடு. ஏ350 அதற்குக் கால் மீட்டர் முன்னால் நின்றுகொள்கிறது. போயிங் 777எக்ஸ் நிற்கவில்லை. வானத்தில் 71.8 மீட்டர், தரைக்கு வந்ததும் நுனியை ஜன்னல் கதவு மாதிரி மேலே மடக்கி 64.8 மீட்டர். இதைச் சொன்னபோது அண்ணா சிரித்தார். "கீல் போட்டுட்டானுங்களா!" கீலின் ஆணி எவ்வளவு தடிமன் இருக்கும் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்த வாரத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்வது கொஞ்சம் பழகியிருந்தது.

பையன்கள் புராஜெக்ட்டை முடித்து மார்க் வாங்கிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக நின்ற நூலைப் பார்த்துவிட்டு, "ஃபேன் ஓடலையா?" என்று கேட்டது தனிக்கதை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா, நிஜ விமானம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். ஓமலூர் தாண்டிக் காமலாபுரத்தில் நம் சேலம் விமான நிலையம் இருக்கிறதே. 1993-இல் கட்டியது, சேவை ஆரம்பிப்பதும் நிற்பதுமாக எத்தனையோ தடவை பார்த்த ஊர். 2023 அக்டோபரில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் மறுபடி வந்திருந்தது. 1,800 மீட்டர் சொச்சம் ஓடுபாதை, அதனால் வருவது ஏடிஆர் 72. எழுபது சொச்சம் இருக்கை, இரண்டு பக்கமும் விசிறி. வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். கஞ்சமலைப் பக்கம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, றெக்கை நுனிச் சிறகுகளை விரல் மாதிரி விரித்துக்கொண்டு. அது யாரிடமும் கேட்காமல் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ஏடிஆர் வந்து இறங்கித் திரும்பி நின்றது. அண்ணா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏனுங்க சார், இதுல அது இல்லைங்களே?"

இந்தத் தடவை வாயில் தட்டுவடை இல்லை. ஏடிஆரின் இறக்கை ஒல்லியானது, அகலத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம். அண்ணா முதலில் கேட்ட இறக்கையே அதுதான், நீட்டி வைத்தது. போகிற தூரமும் குறைவு, ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய பயணம், கூடுதல் கனத்தைச் சுமந்து மிச்சம் பிடிக்க நேரமே இல்லை. நுனிக்கு நுனி 27 மீட்டர்தான். 36 வரை இடம் இருக்கிறது.

கடைசியாகச் சொன்னது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. 27, 36 என்று விரலில் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"இவனுக்கு எடம் கெடக்குதுங்க" என்றார், வண்டியை உதைத்துக்கொண்டே. "ஓமலூர்ல ஒரு டீ சாப்புட்டுப் போலாமுங்களா?"